சனி, ஞாயிறும் வேலை நாளாகும்போது: திட்ட அட்டவணை மென்பொருள் குறித்த வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, திட்ட அட்டவணை மென்பொருளில் வார இறுதி நாட்களை வேலை நாட்களாக மாற்றுவது பற்றியவை. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டைக் கணினியில் நிறுவிப் பயன்படுத்துவோரே மிகுதியாக எழுதியிருப்பதால் பதில்களும் பெரும்பாலும் அதைச் சார்ந்தே உள்ளன. அதேபோன்ற மற்றொரு மென்பொருளான பிரைமவேரா பற்றிய ஒரு கேள்வியும் இடம்பெறுகிறது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. புதிதாக ஒரு நாட்காட்டியை உருவாக்கி, அதில் சனிக்கிழமையை வேலை நாளாக்கி, அதையே திட்டத்தின் நாட்காட்டியாகவும் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆயினும் சில பணிகள் சனிக்கிழமையைப் பயன்படுத்துகின்றன, சில பணிகள் வெள்ளிக்கிழமை நின்று திங்கட்கிழமை தொடர்கின்றன. மென்பொருளில் கோளாறா?
– கட்டுமானப் பொறியாளர், கோயம்புத்தூர்

மென்பொருளில் கோளாறு இல்லை. உங்கள் கோப்பில் ஒரே நேரத்தில் இரண்டு நாட்காட்டிகள் செயல்பட்டுக்கொண்டிருக்கின்றன. சனிக்கிழமையை விட்டுவிடும் பணிகளைத் திறந்து பாருங்கள்; அவற்றில் ஆட்களோ இயந்திரங்களோ, அதாவது ரிசோர்ஸ் ஏதேனும், ஒதுக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமையும் நடக்கும் பணிகளில் அப்படி எதுவும் ஒதுக்கப்பட்டிருக்காது.

காரணம் இதுதான். புராஜெக்ட் மென்பொருளில் நாட்காட்டி மூன்று இடங்களில் அமைகிறது: திட்டத்துக்கு, ரிசோர்ஸுக்கு, தனிப் பணிக்கு. யாரும் ஒதுக்கப்படாத பணி, திட்டத்தின் நாட்காட்டிப்படி நகரும். கொத்தனார் குழு ஒன்றை அப்பணிக்கு ஒதுக்கிய மறுகணமே திட்டத்தின் நாட்காட்டி விலகிக்கொண்டு அந்தக் குழுவின் நாட்காட்டி ஆளத் தொடங்கிவிடும். நீங்கள் புதிய நாட்காட்டியை உருவாக்குவதற்கு முன்பே பதிவு செய்யப்பட்ட குழுக்கள் அனைத்தும், மென்பொருளுடன் வரும் 'ஸ்டாண்டர்ட்' நாட்காட்டியையே இன்னமும் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. அது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் 12, பிற்பகல் 1 முதல் 5 என்று அமைந்தது. திட்டத்தின் நாட்காட்டியை மாற்றுவதால் அவை தாமாக மாறா.

'ரிசோர்ஸ் ஷீட்' காட்சிக்குச் சென்று, 'பேஸ் காலண்டர்' என்ற நெடுவரிசையில் ஒவ்வொரு குழுவுக்கும் புதிய ஆறு நாள் நாட்காட்டியைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரிசையில் தேர்ந்தெடுத்து அதைக் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிசைகளிலும் நிரம்பிவிடும். அதன்பின் தேதிகள் உடனே மாறுவதைக் காண்பீர்கள்.

இதற்குப் பிறகும் அசையாத பணி ஏதேனும் இருந்தால், அது கைமுறையாகத் தேதி இடப்பட்ட பணியா என்று பாருங்கள். 'டாஸ்க் மோட்' நெடுவரிசையில் குண்டூசிப் படம் இருந்தால், நாட்காட்டியை எத்தனை முறை மாற்றினாலும் அது தானாக நகராது. குறிப்பிட்ட தேதியில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இடப்பட்ட பணிகளும் அவ்வாறே தம் தொடக்கத் தேதியை விட்டு நகரா.

புதிய நாட்காட்டி உருவாக்காமல் 'ஸ்டாண்டர்ட்' நாட்காட்டியையே திருத்தியிருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திருக்காதே என்று கேட்கத் தோன்றும். எழுந்திருக்காது என்பது உண்மையே. எனினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வேறொருவர் அக்கோப்பைத் திறக்கும்போது 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரைக் கண்டு ஐந்து நாள் வாரம் என்றே எடுத்துக்கொள்வார். 'ஆறு நாள் – ஞாயிறு விடுமுறை' என்று பெயரிலேயே செய்தி தெரியும் நாட்காட்டி பிற்காலத்தில் பல வாக்குவாதங்களைத் தவிர்க்கும். மாற்றம் செய்யுமுன் பேஸ்லைன், அதாவது அப்போதைய தேதிகளின் பதிவு, சேமித்துக்கொள்ளவும் மறவாதீர்கள். பழைய தேதிகளுடன் ஒப்பிட அதுவே எளிய வழி.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. மற்ற சனிக்கிழமைகளில் காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை வேலை. முதல், மூன்றாம் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக வேலை நாளென்று குறித்து வருகிறேன். எளிய வழி உண்டா?
– திட்டமிடல் அலுவலர், அம்பத்தூர்

உண்டு, அதற்கு நீங்கள் தொடங்கும் முனையை மாற்ற வேண்டும். வேலை செய்யும் சனிக்கிழமைகளைக் குறிப்பதற்குப் பதிலாக, எல்லாச் சனிக்கிழமைகளையும் வேலை நாட்களாக்கிவிட்டு விடுமுறைச் சனிக்கிழமைகளை விலக்குங்கள். இப்போதைய முறையில் ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதங்களில் ஐந்தாம் சனிக்கிழமை விடுபட்டுப்போகும். 2015 செப்டம்பர் முதல் இந்திய வங்கிகள் பின்பற்றும் ஏற்பாடும் உங்களுடையதைப் போன்றதே. அங்கும் ஐந்தாம் சனிக்கிழமை வேலை நாள்தான்.

'புராஜெக்ட்' தாவலில் 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' உரையாடல் பெட்டியைத் திறந்து, உரிய நாட்காட்டியைத் தேர்ந்தெடுத்த பின், 'வொர்க் வீக்ஸ்' பகுதியில் 'டீஃபால்ட்' வரிசையின் மீது நின்று 'டீடெய்ல்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். சனிக்கிழமையைத் தெரிவு செய்து, மூன்று விருப்பங்களில் கடைசியான, குறிப்பிட்ட வேலை நேரத்தை அமைக்கும் விருப்பத்தைத் தேர்ந்து, 8 முதல் 1 வரை என்று இடுங்கள். பின்பு 'எக்ஸெப்ஷன்ஸ்' பகுதிக்கு வந்து 'இரண்டாம் சனி' என்ற பெயரில் ஒரு விலக்கைச் சேர்த்து, அதன் 'டீடெய்ல்ஸ்' பெட்டியில் மாதந்தோறும், இரண்டாவது சனிக்கிழமை, வேலையற்ற நாள் என்று அமையுங்கள். நான்காம் சனிக்கும் அவ்வாறே. திட்டம் முடியும் தேதி வரை அவை நீடிக்கின்றனவா என்பதைச் சரிபாருங்கள்.

வழக்கமான வாரத்துக்கும் விலக்குக்கும் முரண்பாடு வந்தால் விலக்கே வெல்லும். எடுத்துக்காட்டாக, 2026 ஆகஸ்ட் 15 சனிக்கிழமையில் வருகிறது. அது மூன்றாம் சனி என்பதால் உங்கள் வாரப்படி வேலை நாள். சுதந்திர தினத்தைத் தனி விலக்காக இட்டால்தான் அன்று விடுமுறையாகும். ஐந்து நாள் வாரக் கோப்புகளில் சனி, ஞாயிறுகளில் வரும் பண்டிகைகளை யாரும் பதிவு செய்வதில்லை. ஆறு நாள் அல்லது ஏழு நாள் வாரத்துக்கு மாறியவுடன் அந்தப் பட்டியலை முதலிலிருந்து மறுபடி பார்த்தாக வேண்டும். 2026-இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. ஏழு நாள் நாட்காட்டி வைத்திருப்பவர் அதைக் குறிக்கத் தவறினால் அன்றும் ஆட்கள் வேலைக்கு வருவார்கள் என்று மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலை நாட்களை மாற்றினாலும், ஒரு நாள் என்பது எத்தனை மணி, ஒரு வாரம் என்பது எத்தனை மணி என்று மென்பொருள் வைத்திருக்கும் கணக்கு மாறுவதில்லை. 'ஆப்ஷன்ஸ்' பெட்டியின் 'ஷெட்யூல்' பக்கத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி, மாதத்துக்கு 20 நாள் என்ற எண்கள் அப்படியே இருக்கும். முழு ஆறு நாள் வாரம் வைத்திருப்பவர் ஒரு பணிக்கு '1 வாரம்' என்று இட்டால், அது 40 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, திங்களில் தொடங்கி வெள்ளியிலேயே முடிந்துவிடும். அவர்கள் 40-ஐ 48 ஆக்கிக்கொள்ளலாம். உங்களுக்கோ ஒரு வாரம் 45 மணி, அடுத்த வாரம் 40 மணி என்று மாறி மாறி வருவதால் எந்த எண்ணும் முழுமையாகப் பொருந்தாது. ஆகவே வாரம், மாதம் என்ற அலகுகளை விட்டுவிட்டு எல்லாப் பணிகளையும் நாள் கணக்கிலேயே இடுவது நல்லது.

அரை நாள் சனிக்கிழமையால் வரும் விளைவையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 8 மணிக்குத் தொடங்கும் 6 நாள் பணி என்பது 48 மணி. வெள்ளி மாலைக்குள் 40 மணியும் சனியன்று 5 மணியும் தீர்ந்து, எஞ்சிய 3 மணிக்காக அடுத்த திங்கள் காலை 11 மணி வரை பணி நீளும். மேலாளர் இதைக் கண்டு வியப்படைவார். சனியையும் கணக்கில் எடுத்த பின்னும் ஏன் திங்களுக்குத் தள்ளிப்போகிறது என்று கேட்பார். மென்பொருள் நாட்களை எண்ணுவதில்லை, மணிகளையே எண்ணுகிறது என்பதுதான் விடை.

கேள்வி: நாட்காட்டியைச் சரியாகவே மாற்றிவிட்டேன், தேதிகளும் சரியாக வருகின்றன. ஆனால் கான்ட் வரைபடத்தில் சனிக்கிழமை இன்னும் சாம்பல் நிறத்திலேயே உள்ளது.
– வாசகர், மதுரை

அந்த நிறம் காட்சிக்கு மட்டுமே உரியது. கணக்கீட்டுடன் அதற்குத் தொடர்பில்லை. வரைபடத்தின் மேற்புறம் தேதிகள் ஓடும் பட்டையில் வலச்சொடுக்கி, 'டைம்ஸ்கேல்' பெட்டியைத் திறந்து, 'நான்-வொர்க்கிங் டைம்' பகுதியில் உங்கள் புதிய நாட்காட்டியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: ஆலையின் ஒரு பகுதியில் இயந்திரம் மாற்றுவதற்காக, வருகிற ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரேனும் ஒரு பொருத்துநர் குழுவும் வேலை செய்யப்போகின்றன. திட்டத்தின் நாட்காட்டியில் அந்த ஞாயிறை வேலை நாளாக்கினேன். தொடர்பே இல்லாத பல பணிகளின் முடிவுத் தேதிகள் ஒரு நாள் முன்னே வந்துவிட்டன.
– பராமரிப்புப் பிரிவு, ஓசூர்

திட்டத்தின் நாட்காட்டியில் ஒரு ஞாயிறைத் திறந்துவிட்டால், அந்நாட்காட்டியைப் பின்பற்றும் பணிகள் அனைத்தும் அந்த ஞாயிறைத் தமக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளும். அலுவலக அனுமதி பெறுவது, உதிரிப்பாகம் வந்து சேர்வது போன்ற பணிகளும் அன்று நடப்பதாகக் கணக்காகிவிடும். இவ்வகைப் பிழை கண்ணில் படாமலே நிலைத்துவிடுவது என்பதால், நீங்கள் கவனித்தது நல்லதாயிற்று.

திட்டத்தின் நாட்காட்டியிலிருந்து அந்த விலக்கை நீக்கிவிடுங்கள். பிறகு கிரேனுக்கும் பொருத்துநர் குழுவுக்கும் உரிய ரிசோர்ஸ் நாட்காட்டிகளில் மட்டும் அந்தத் தேதியை, வேலை நேரத்துடன் விலக்காகச் சேருங்கள். 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' பெட்டியில் நாட்காட்டியின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே ரிசோர்ஸ் பெயர்களும் பட்டியலில் இருக்கும். அவர்கள் ஒதுக்கப்பட்ட பணிகள் மட்டுமே அந்த ஞாயிறைப் பயன்படுத்தும்.

உங்கள் கோப்பில் ஆட்களையும் இயந்திரங்களையும் பதிவு செய்யும் வழக்கமே இல்லையென்றால், அந்த ஞாயிறை உள்ளடக்கிய தனி நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, உரிய பணியின் 'டாஸ்க் இன்ஃபர்மேஷன்' பெட்டியில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் அதைப் பொருத்துங்கள். பணிக்கும் ரிசோர்ஸுக்கும் தனித்தனி நாட்காட்டிகள் இருந்தால் இரண்டும் பொதுவாக அனுமதிக்கும் நேரத்தில் மட்டுமே வேலை அமையும். பொது நேரமே போதாவிட்டால் மென்பொருள் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காக, அதே இடத்தில் உள்ள, ரிசோர்ஸ் நாட்காட்டிகளைப் புறக்கணிக்கும் கட்டத்தில் பலரும் குறியிட்டுவிடுகிறார்கள். அது வசதியானதுதான், ஆனால் குழுவினர் விடுப்பில் இருக்கும் நாளிலும் அவர்கள் வேலை செய்வதாக அப்பணி காட்டும். கட்டாயம் இல்லாதவரை அதைத் தொடாதீர்கள்.

நாட்காட்டியில் ஞாயிறைத் திறப்பது சட்ட அனுமதி ஆகாது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 52-ஆம் பிரிவில், வார விடுமுறையன்று வேலை வாங்கினால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாட்களுக்குள் ஒரு நாள் மாற்று விடுமுறை அளிக்க வேண்டும் என்றும், முழு நாள் ஓய்வின்றித் தொடர்ந்து பத்து நாட்களுக்கு மேல் ஒருவரை வேலை செய்யவிடக் கூடாது என்றும் வகுத்தது. இப்போது உங்கள் ஆலைக்குப் பொருந்தும் விதியைப் பணியாளர் பிரிவிடம் கேட்டறிந்து, அக்குழுவுக்கு அளிக்கப்படும் மாற்று ஓய்வு நாளையும் அதே ரிசோர்ஸ் நாட்காட்டியில் வேலையற்ற நாளாகப் பதிவு செய்யுங்கள். ஞாயிறைச் சேர்ப்பவர்கள் பலர். அதற்கு ஈடாக ஓய்வு தரும் நாளை, செவ்வாய் என்று கொள்வோம், கழிப்பவர்கள் சிலரே. அந்தச் செவ்வாயன்று யாரும் வராதபோதுதான் அட்டவணையின் தவறு வெளிப்படுகிறது.

கேள்வி: துபாயில் பணிபுரிகிறேன். எங்கள் குழுவுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் ஆலோசகர் ரியாத்தில் இருக்கிறார். அவருக்கு வெள்ளி, சனி விடுமுறை. இருவரையும் ஒரே பணியில் ஒதுக்கினால் அட்டவணை விந்தையாக வருகிறது. ரமலான் மாதத்தையும் கோடைக்கால மதிய இடைவேளையையும் எப்படிக் காட்டுவது?
– அட்டவணைப் பொறியாளர், துபாய்

சவூதி அரேபியா 2013-இல் தன் வார விடுமுறையை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி முதல் வெள்ளியை அரை வேலை நாளாக்கி, சனி, ஞாயிறுக்குச் சென்றது. ஷார்ஜா அரசு அலுவலகங்கள் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை விடுகின்றன. ஆகவே உங்கள் கைக்கு வந்த மாதிரிக் கோப்பு எந்த ஆண்டில், எந்த ஊரில் உருவானது என்பதை முதலில் பாருங்கள். வெள்ளி விடுமுறை என்ற பழைய நாட்காட்டியைச் சுமந்துகொண்டிருக்கும் கோப்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

இருவருக்கும் தனித்தனி நாட்காட்டி வைத்தது சரியே. ஒரே பணியில் இருவர் ஒதுக்கப்பட்டால் புராஜெக்ட் மென்பொருள் அவர்களுக்குப் பொதுவான நாளைத் தேடுவதில்லை. அவரவர் பங்கை அவரவர் நாட்காட்டிப்படி தனித்தனியே நகர்த்திவிடும். அதனால்தான் உங்கள் பங்கு வெள்ளியன்றும் அவருடைய பங்கு ஞாயிறன்றும் அமைந்து, ஒரு நாள் பணி மூன்று நாட்கள் பரந்து கிடக்கிறது. வரைபடத்தைப் பரிசீலிப்பது அவருடைய வேலை மட்டும் என்றால் உங்களை அப்பணியிலிருந்து நீக்கிவிடுங்கள். இருவரும் சேர்ந்து அமர வேண்டிய கூட்டம் என்றால், திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் வேலை நாளாகக் கொண்ட நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, அதைப் பணியின் நாட்காட்டியாகப் பொருத்துங்கள்.

ரமலான் மாதத்துக்கு விலக்குகளை நாள்தோறும் சேர்க்க வேண்டியதில்லை. 'வொர்க் வீக்ஸ்' பகுதியில் 'டீஃபால்ட்' வரிசைக்குக் கீழே புதிய வரிசை ஒன்றைச் சேர்த்து, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இட்டு, அந்தக் காலத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் குறைந்த வேலை நேரத்தை அமைத்தால் போதும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3:00 வரை வெயிலில் வேலை கூடாது என்ற அமீரகத்தின் விதிக்கும் இதே வழி: நேரத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து இடுங்கள். வெயிலில் நிற்கும் குழுக்களுக்கு மட்டுமே அது தேவை. அலுவலகத்தில் வரைபடம் தயாரிப்பவர்களுக்கு அதைப் பொருத்தினால் அவர்கள் பணி காரணமின்றி நீளும். இவ்வரிசைகள் ஆண்டுதோறும் தாமாகத் திரும்பி வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியே சேர்க்க வேண்டும். ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்வதால் அப்படிச் செய்வதே முறையும்கூட.

கேள்வி: கான்கிரீட்டுக்கு ஏழு நாள் கியூரிங் (ஈரம் காத்தல்) என்று இட்டால் மென்பொருள் பதினொரு நாள் காட்டுகிறது. இதற்காகவே ஏழு நாட்களையும் வேலை நாளாக்கிவிடலாமா?
– தள மேற்பார்வையாளர், திருநெல்வேலி

வேண்டாம். கான்கிரீட் இறுகுவதற்கு விடுமுறை கிடையாது என்பதற்காகக் கொத்தனாரின் விடுமுறையைப் பறிக்கத் தேவையில்லை.

சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமென்ட்டுக்கும் கனிமச் சேர்மானங்கள் உள்ள கலவைக்கும் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 தரநெறியின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது; உலர்ந்த, வெப்பமான சூழலில் இவை 10, 14 ஆகும். இவையெல்லாம் ஞாயிறையும் சேர்த்த நாட்கள். 2026 ஆகஸ்ட் 6, வியாழன் மாலை தளம் போட்டு முடிக்கிறீர்கள் என்று கொள்வோம். ஐந்து நாள் நாட்காட்டியில் '7 நாள்' என்று இட்டால் கியூரிங் 17-ஆம் தேதி திங்கள் வரை போகிறது. சுதந்திர தினத்தை விலக்கிய ஆறு நாள் நாட்காட்டியில் 14-ஆம் தேதி வெள்ளி. உண்மையில் அது முடிவது 13-ஆம் தேதி வியாழன் மாலை.

இதற்கென்றே 'இலாப்ஸ்டு' எனப்படும், கடிகாரம் ஓடுவதை அப்படியே எண்ணும் கால அலகு உள்ளது. கால அளவில் எண்ணுக்குப் பின் 'டி' என்ற எழுத்தை மட்டும் இடாமல் 'ஈடி' என்று இரண்டு எழுத்துகளை இட்டால், இருபத்து நான்கு மணி நேரமும் ஏழு நாட்களும் கணக்கில் வரும். அப்படி இட்ட பணிக்கு ஆட்களை ஒதுக்காதீர்கள். ஏழு நாளுக்கு 168 மணி நேர உழைப்பு என்று கூலிக் கணக்கு ஏறிவிடும். கியூரிங்கைத் தனிப் பணியாகக் காட்டத் தேவையில்லாத இடங்களில், தளம் போடுவதற்கும் முட்டுப் பிரிப்பதற்கும் இடையிலான தொடர்பில் அதே அலகில் இடைவெளியை இட்டுவிடலாம். தண்ணீர் ஊற்றுபவர் ஞாயிறும் வர வேண்டும் என்பது வேறு செய்தி. அவரைத் தனிப் பணியில், தனி நாட்காட்டியில் வையுங்கள்.

கேள்வி: பிரைமவேரா பி6-இல் சில பணிகளை ஏழு நாள் நாட்காட்டிக்கு மாற்றியபின், முக்கியப் பாதை (திட்டத்தின் முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் பணித் தொடர்) நடுநடுவே அறுந்து காட்டுகிறது. ஏன்?
– வாசகர், சிங்கப்பூர்

பிரைமவேராவில் ஒவ்வொரு பணிக்கும் நாட்காட்டி உண்டு. பணியின் வகை 'டாஸ்க் டிபெண்டன்ட்' என்றிருந்தால் அந்த நாட்காட்டியும், 'ரிசோர்ஸ் டிபெண்டன்ட்' என்றிருந்தால் ஆளின் நாட்காட்டியும் பின்பற்றப்படும். ஏழு நாள் நாட்காட்டியில் உள்ள பணி சனிக்கிழமை முடிந்து, அதைத் தொடரும் ஐந்து நாள் பணி திங்களன்று தொடங்கினால், இடையில் உள்ள ஞாயிறு முன்னதற்குத் தளர்வு நேரமாக, அதாவது திட்டத்தின் முடிவைப் பாதிக்காமல் தாமதிக்கக்கூடிய நேரமாக, சேர்ந்துவிடும். தளர்வு சுழியம் அல்லது அதற்குக் குறைவான பணிகளே முக்கியப் பாதை என்ற வரையறையை வைத்திருந்தால், அப்பணி அதிலிருந்து வெளியே விழுந்துவிடுகிறது. வரையறையை 'லாங்கஸ்ட் பாத்' என்று மாற்றினால், திட்டத்தின் முடிவுத் தேதியை உண்மையில் தீர்மானிக்கும் தொடர் அறுபடாமல் தெரியும். நாட்காட்டிகள் கலந்துள்ள எந்தத் திட்டத்திலும் இதையே வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன்.

தொடர்புகளில் இடைவெளி நாட்கள் இட்டிருந்தால், அவை முந்தைய பணியின் நாட்காட்டிப்படியா, பிந்தைய பணியினுடையதா, திட்டத்தின் பொது நாட்காட்டியா, அல்லது 24 மணி நேர நாட்காட்டியா என்பதை அட்டவணைக் கணக்கீட்டு விருப்பங்களில் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது கோப்பிலுள்ள எல்லாத் தொடர்புகளுக்கும் பொதுவானது. ஒரு தொடர்புக்கு மட்டும் மாற்ற முடியாது. அதை மாற்றினாலும், நாட்காட்டியை மாற்றினாலும், எஃப்9 அழுத்தி மறுகணக்கிட்ட பிறகே புதிய தேதிகள் வரும்.

கேள்வி: ஒரு கோப்பில் உருவாக்கிய ஆறு நாள் நாட்காட்டியை மற்றக் கோப்புகளுக்கும் கொண்டுசெல்ல முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும். புராஜெக்ட் மென்பொருளில் 'ஃபைல்' பட்டியலின் 'இன்ஃபோ' பக்கத்தில் உள்ள 'ஆர்கனைசர்' பெட்டியைத் திறந்து, 'காலண்டர்ஸ்' பகுதியில் உங்கள் நாட்காட்டியைப் பொதுக் கோப்பான 'குளோபல்' கோப்புக்கு நகலெடுங்கள். இனி உங்கள் கணினியில் தொடங்கும் புதிய கோப்புகளில் அது கிடைக்கும். ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு, அவற்றையும் திறந்துவைத்துக்கொண்டு அதே பெட்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நகலெடுக்க வேண்டும். வாரத்துக்கு 48 மணி என்று நீங்கள் மாற்றியமைத்த எண் நாட்காட்டியுடன் சேர்ந்து வராது. அதை ஒவ்வொரு கோப்பின் 'ஷெட்யூல்' பக்கத்திலும் தனியே இடுங்கள்.